தொட்டால் சுருக்கென்கிற சம்ப் மோட்டார்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

வட சென்னையில் மின்வேலை செய்கிறவனுக்கு விடிகாலை ஐந்தரை மணிக்கே கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் தரையடித் தொட்டியான சம்ப்புக்கு வருகிற நேரம் அது. "மோட்டார் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை." "போட்டவுடனே வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது." "ஓடுகிறது, ஆனால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை." அழைக்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மோட்டாரையோ குழாயையோ தொட்டால் சுருக்கென்கிறதா?

"லேசாக இருக்கும், அது ரொம்ப நாளாகவே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஏறாத கதைக்கே போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். மோட்டார் நின்றுபோனால் ஒரு நாள் தண்ணீர்க் கஷ்டம். குடம் தூக்கிச் சமாளித்துவிடலாம். ஷாக் அடித்துக்கொண்டே நன்றாக ஓடுகிற மோட்டார் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் ஈரக்காலோடு நடமாடுகிறார்கள். அதனால்தான் இங்கே ஷாக்கை முதலில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஏறாததெல்லாம் பிறகு.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வருகிற பேஸ் ஒயரில் இல்லாமல், அது திரும்புகிற நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாருக்குள் பேஸ் நின்றுகொண்டுதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேராக இணைத்திருந்தால் மெயினையே இறக்குங்கள். இறக்கியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மெயின் பெட்டி மேல் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். மாடியில் இருப்பவர் "கரண்ட் இல்லையே" என்று வந்து மெயினைத் தூக்கிவிடுவது நடக்கிற காரியம்.

காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் அதை வழித்துவிடுங்கள். வழிக்கும்போதும் மெயின் இறங்கியே இருக்கட்டும். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. உலர்ந்த மரப்பலகை மேல் நின்றால்கூட அது மங்கிவிடும்.

பார்ப்பது, முகர்வது, பிளக்கைப் பிடுங்குவது, எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்துச் சொல்வது, இவையெல்லாம் வீட்டுக்காரர் வேலை. பெட்டியைத் திறப்பதும் ஒயரைத் தொடுவதும் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேலை. இரண்டையும் இங்கே சொல்கிறேன். வந்து பார்க்கிறவர் சரியாகத்தான் செய்கிறாரா என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

மோட்டாரிலோ குழாயிலோ சுருக்கென்கிறது

எங்கிருந்து வருகிறது என்று மூன்று படியில் பிரித்துவிடலாம். மறுபடி கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்; டெஸ்டரை வையுங்கள். மோட்டார் பிளக்கைப் பிடுங்கியதும் குழாயில் டெஸ்டர் அணைந்துவிட்டால் பழுது மோட்டாரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. அணையாவிட்டால் வீட்டு மெயினை இறக்குங்கள். இப்போது அணைந்தால் வீட்டிலுள்ள வேறு ஏதோ ஒரு சாதனம், பெரும்பாலும் கெய்சர் அல்லது துணி துவைக்கும் இயந்திரம், எர்த் ஒயர் (கசிவை மண்ணுக்கு இறக்குவதற்கான ஒயர்) வழியாகக் குழாய்க்குக் கசியவிடுகிறது. மெயினை இறக்கிய பிறகும் எரிந்தால் அது உங்கள் வீட்டு மின்சாரமே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்தோ தெரு லைனிலிருந்தோ வருகிறது.

மூன்றாவதை நம்பாதவர்கள் அதிகம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட மூன்று வீடுகள். பின்கட்டில் குடியிருந்த ஆயா ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்தால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது. என் வீட்டில் மோட்டாரே கிடையாது" என்றார். அவர் வீட்டு மெயினை இறக்கினேன். இரும்புக் குழாயில் டெஸ்டர் அப்படியே எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போனால், அடுத்த வீட்டு மோட்டாரின் டெலிவரி குழாயும் ஆயா வீட்டுக் குழாயும் ஒரே இரும்புக் கிளாம்பில் கட்டப்பட்டிருந்தன.

அந்த மோட்டாரின் டெர்மினல் மூடியைக் கழற்றினேன். கேபிள் உள்ளே நுழைகிற துளையில் ரப்பர் வளையம் இல்லை. ஓடும்போது ஏற்படும் அதிர்வில் தகட்டு விளிம்பு ஒயரின் மேலுறையை வருடக்கணக்கில் அறுத்து வந்திருக்கிறது. சிவப்பு ஒயரில் நகக்கண் அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. கடற்காற்றில் பச்சை பூத்திருந்தது. அதற்கு நேரே தகட்டில் கடுகளவு ஒரு கரும்புள்ளி. பிறகு மூன்று முள் பிளக்கைப் பிரித்தேன். சிவப்பும் கறுப்பும் திருகில் இருந்தன. எர்த்துக்கான பச்சை ஒயரை ஒட்ட வெட்டி, டேப் சுற்றி, அழகாக மடித்து வைத்திருந்தார்கள். மோட்டார் போட்ட அன்று பாதுகாப்பு சுவிட்ச் ஏதோ டிரிப் ஆகி விழுந்திருக்கும். பச்சையை வெட்டினால் டிரிப் நிற்கிறது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார். பழுது பழுதாகவே இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயைத்தான் அடைத்துவிட்டார். எறும்பு கடித்ததெல்லாம் அந்த வீட்டில் குடியே இல்லாத ஓர் ஆயாவுக்கு.

ரப்பர் வளையம், புது மூன்று கோர் கேபிள், ஒழுங்கான எர்த் என்று ஒரு மணி நேர வேலை. கிளாம்பையும் பிரித்துவிட்டேன்.

எர்த் இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு எர்த் குழிக்கு 20 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த பழைய எர்த்துகளுக்கு அது சாதாரணம். 230 வோல்ட் பேஸ் மோட்டார் உடம்பைத் தொட்டால் மண்ணுக்குள் போவது 11.5 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) 16 ஆம்பியர். அது விழவே விழாது. மோட்டார் உடம்பு முழு மின்னழுத்தத்தோடு அப்படியே நின்றுகொண்டிருக்கும், மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். ஈரமான மனித உடம்பின் வழியே 30 மில்லி ஆம்பியர் போனாலே பிடித்த கை விடாது, மூச்சுத் தசைகள் இறுகிவிடும். 11 ஆம்பியருக்கு முன்னால் அது எத்தனை சிறிய அளவு!

அதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்புக் கருவி. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கிற நேரத்தில் இரண்டையும் துண்டித்துவிடும். ஆனால் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். எர்த் சரியாக இருந்தால், ஒயர் தகட்டைத் தொட்ட அந்த நொடியே, யாரும் பக்கத்தில் இல்லாதபோதே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் கசிய வழியில்லாமல் காத்திருக்கும். முதலில் தொடுகிற மனிதர் வழியாகத்தான் அதற்குக் கசிவு இருப்பதே தெரியவரும். பிறகுதான் விழும். அந்த முதல் ஆள் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எர்த் அறவே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். எர்த்தைத் தனியாக, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மண் மணற்பாங்கு, நிலத்தடி நீர் உப்பு. ஈரமாக இருக்கும்வரை மின்சாரம் நன்றாக இறங்கும். ஆனால் அதே உப்பு எர்த் குழியில் புதைத்த இரும்புக் குழாயையும் கிளாம்பையும் தின்றுவிடும். குழியின் மூடியைத் திறந்து, கம்பியும் குழாயும் சேருகிற இடத்தை வருடம் ஒருமுறை பாருங்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் குழாயையே மாற்றும் வேளை வந்துவிட்டது. செம்பு பூசிய எர்த் கம்பி இந்த மண்ணில் கூடுதல் காலம் தாங்கும். சித்திரை, வைகாசியில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. எர்த் இல்லை என்பதற்காகப் பிளக் பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டுவது முதலாவது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றின் உடம்பும் பேஸ் ஆகிவிடும். மெட்ரோ குழாயில் எர்த் கட்டுவது இரண்டாவது. வழியில் எங்கோ பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். எர்த் மண்ணுக்குப் போகாது, உங்கள் வீட்டு மின்சாரம் குழாயிலேயேதான் நிற்கும்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் அவரைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது

எப்போது விழுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. மோட்டார் போட்ட கணத்தில் விழுந்தால் மோட்டார் காயிலோ (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கேபிளோ மோட்டார் உடம்பைத் தொடுகிறது. ஐந்து, பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால், காயில் சூடேறியதும் உறை இளகிக் கசிகிறது. அல்லது பம்புத் தண்ணீர் மோட்டாருக்குள் வராமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காயிலுக்குள் இறங்குகிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கீழே ஈரக்கோடு இருக்கிறதா என்று விரல் படாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மழை பெய்தால் மட்டும் விழுந்தால் வெளியே இருக்கிற சுவிட்ச் பெட்டி, ஜாயின்ட், மொட்டைமாடி லெவல் கன்ட்ரோலர் ஒயர் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டாரைத் தொடாமலே, ஏதோ ஒரு லைட்டைப் போட்டால் விழுகிறது என்றால் நியூட்ரல் கலந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. வழியாகப் போன பேஸ் வேறொரு நியூட்ரலில் திரும்புகிறது. இன்வெர்ட்டர் புதிதாகப் போட்ட வீடுகளில் இது அடிக்கடி வரும். பழுது மோட்டாரில் இல்லாததால் மோட்டாரை எத்தனை முறை பிரித்தாலும் தீராது.

30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், ஏ.சி. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். எல்லாம் கூடி எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மழைக்கால மோட்டார் கடைசித் துளியைச் சேர்க்கும். இதற்கு மருந்து 100 மில்லி ஆம்பியர் கருவிக்கு மாறுவது அல்ல. அது தீ விபத்தைத் தடுக்கலாம், ஆளைக் காப்பாற்றாது. மோட்டாருக்கு மட்டும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். அது விழுந்தாலும் வீடு இருளாகாது. "ராத்திரியில் தொல்லையாக இருக்கிறது" என்று யாரும் அதைத் தாண்டி ஒயரை இணைக்கவும் மாட்டார்கள்.

வயர்மேனிடம் மெக்கர் (ஒயர் உறை கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல மோட்டார் அதற்கு எத்தனையோ மடங்கு காட்டும். 0.2, 0.3 என்று காட்டினால் காயில் கட்டும் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

எம்.சி.பி. விழுகிறது

போட்டவுடன் 'டக்' என்று விழுந்தால் ஷார்ட். கேபிள், கண்டென்சர் (மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் பாகம்), காயில் என்ற வரிசையில் தேடுங்கள். சில நொடி உறுமிவிட்டு விழுந்தால் மோட்டார் சுற்றவில்லை. அடுத்த பகுதியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால் பேரிங் இறுக்கம், குறைந்த வோல்டேஜ், அல்லது எம்.சி.பி. டெர்மினலே தளர்ந்து சூடாவது.

1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு. அதனால் 'சி' வகை எம்.சி.பி. 10 அல்லது 16 ஆம்பியர் போதுமானது, ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. விழுகிறதே என்று 32 ஆம்பியர் மாட்டினால் விழுவது நிற்கும். சுவருக்குள் ஒயர் எரியத் தொடங்கும்.

உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே நிறுத்துங்கள். "இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாம்" என்று நான்கைந்து முறை போட்டுத்தான் நல்ல காயில்கள் கருகுகின்றன.

மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்து, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஒரு மாதம் போடாமல் விட்டிருந்தால் துரு இறுக்கிப் பிடித்திருக்கும். இங்குள்ள உப்பு நீருக்கு ஒரு மாதமே அதிகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க விசிறி மூடியைப் பாருங்கள். பல மோனோபிளாக்குகளில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பவை) தண்டின் முனையில் திருப்புளி வைக்க ஒரு வெட்டு இருக்கும். அதில் வைத்துத் திருப்புங்கள். ஒரு நெருடலோடு விட்டுக்கொடுத்து, பிறகு வழுக்கிக்கொண்டு சுற்றினால் பிழைத்தது. முழுச் சுற்றும் கரகரவென்றால் பேரிங்.

கையால் எளிதாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது என்றால் பத்துக்கு எட்டு முறை கண்டென்சர்தான். உப்பியிருக்கும், அல்லது அடியில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். அதன்மேல் எழுதியிருக்கிற அளவையே வாங்குங்கள். அரை எச்.பி. மோனோபிளாக்குக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோஃபாரட், 1 எச்.பி.க்கு 20 முதல் 25; வோல்ட் 440. வீட்டில் கிடக்கிறதே என்று மின்விசிறிக் கண்டென்சரைப் போடாதீர்கள். பழைய கண்டென்சர் கழற்றிய பிறகும் அடிக்கும். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் இரு ஒயரையும் கண்டென்சர் முனைகளில் வைத்து இறக்கிவிடுங்கள். திருப்புளியால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் கண்ணுக்குக் கேடு.

இரண்டும் நன்றாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். வெயில் காலத்தில் இரவு எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது 190-க்குக் கீழே போனால் மோட்டார் திணறும். விடிகாலையில் போடுவதே நல்லது.

ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

இது பெரும்பாலும் மின்பழுது அல்ல. காற்றடைப்பு, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் அழுக்கு, உறிஞ்சு குழாயில் கீறல். பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, அதாவது பிரைமிங் செய்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் கருகும். சீல் கருகினால் தண்ணீர் காயிலுக்குள் போகும், மறுபடி ஷாக்கில் வந்து நிற்கும். மூன்று பேஸ் மோட்டாராக இருந்து, தெருவில் மின்வாரியத்தார் கேபிள் வேலை செய்துவிட்டுப் போனபின் இப்படி ஆகியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஏதாவது இரண்டு பேஸ்களை இடம் மாற்றினால் சரியாகும்.

பிளக் சுடுகிறது, போர்டில் கருகிய வாசனை

6 ஆம்பியர் பிளக்கில் 1 எச்.பி. மோட்டார் ஓட்டக் கூடாது, 16 ஆம்பியர்தான். ஆனால் வட சென்னையில் சரியான பிளக்கும் சுடும். கடற்காற்றின் உப்பும், மணலி, எண்ணூர் பக்கம் படிகிற சாம்பலும் தூசியும் திருகுகளில் ஏறிவிடும். வருடத்துக்கு இருமுறை மெயினை இறக்கி, திருகுகளை இறுக்கி, பச்சை பூத்த முனையை வெட்டிப் புதிதாகச் சீவி, லக் (ஒயர் முனைக்கான உலோகக் கொக்கி) அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். சம்ப் பக்கத்தில் முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. ஒரே நீளக் கேபிளாகப் போடுங்கள்.

மோட்டார் போட்டால் விளக்குகள் மங்குகின்றன

ஒரு நொடி மங்கித் திரும்பினால் கவலையில்லை. மங்கியே இருந்தால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் தளர்ச்சி. சில விளக்குகள் மங்கி, வேறு சில கண் கூசும்படி பிரகாசித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெயினை இறக்குங்கள். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. சில அறைகளுக்கு 230-க்குப் பதில் 300, 350 வோல்ட் போய்க்கொண்டிருக்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சம்ப்பில் இறங்கினால் காலில் சுருக்கென்கிறது

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சம்ப் கழுவும்போது கடைசி அரையடித் தண்ணீரை வெளியேற்ற நீர்மூழ்கிப் பம்பைப் போட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே துடைப்பத்தோடு ஒருவர் இறங்கிவிடுகிறார். மேலே தரையில் நின்று ஷாக் வாங்குபவருக்குச் செருப்பாவது இருக்கும். சம்ப்புக்குள் நாலு பக்கமும் ஈரச் சுவர், கணுக்காலுக்கு மேல் தண்ணீர், மேலே ஆள் நுழையும் அளவுக்கே ஒரு வாய். கை இறுகினால் உதறக்கூட இடமில்லை.

ஆள் இறங்குவதற்கு முன் பம்பின் பிளக்கைப் பிடுங்கி, பம்பையே மேலே தூக்கிவிடுங்கள். மீதித் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்துக்கு ஒயர் கட்டிய பல்பு வேண்டாம்; பேட்டரி டார்ச் போதும். நெடுநாள் மூடிக்கிடந்த சம்ப்பில் நச்சுக்காற்று இருக்கும். மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் தந்த பிறகே இறங்க வேண்டும், மேலே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வேலைக்கு வருகிறவர், "பரவாயில்லை அம்மா, ஓடட்டும், சீக்கிரம் முடித்துவிடுவேன்" என்பார். நீங்கள்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் என்று எங்கும் தண்ணீர் நின்றது. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் வெள்ளத்தோடு வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வீட்டைக் கழுவ வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்துப் போட்டுவிட்டவர்களின் மோட்டார்களில் பல எரிந்தன. சில, எரியாமல் ஷாக் அடித்தன. இரண்டாவதுதான் ஆபத்து.

வெளியே காய்ந்திருந்தாலும் காயில் துளைக்குள் சேறும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். காயில் கட்டும் கடையில் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சூடேற்றி உலர்த்தி, வார்னிஷ் போட்டு, மெக்கர் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். பேரிங்கை மாற்றிவிடுங்கள். மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கண்டென்சர், ஸ்டார்ட்டர் பெட்டி எதையும் உலர்த்திப் பயன்படுத்தாதீர்கள். ஆர்.சி.சி.பி.க்குள் சேறு போயிருந்தால், விழ வேண்டிய நேரத்தில் விழாது. வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. எண்ணெய் படிந்த கேபிளைத் துடைத்து வைத்துக்கொள்ளாமல் புதிது வாங்குங்கள். அடுத்த மழைக்கு முன் சுவிட்ச் பெட்டியைத் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அந்தக் கோடு பல வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது.

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள்

மாதவரம், கொளத்தூர் பக்கம் புது வீடுகளில் சின்னக் குளம் கட்டுகிறார்கள். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் குளம் வைத்து வடிகட்டிப் பம்பு ஓட்டுகிறவர்களும் உண்டு. சம்ப்பில் அவ்வப்போது ஒருவர் இறங்குகிறார். குளத்தில் பிள்ளைகள் நாள்தோறும் முழு உடம்பும் நனைய இருக்கிறார்கள். மேலே சொன்ன எல்லாமே இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

சர்வதேச மின் தரநிலையான ஐ.இ.சி. 60364-இல் குளங்களுக்கென்றே 702 என்ற பிரிவு இருக்கிறது. குளத்தின் கரையிலிருந்து 2 மீட்டர் வரை ஒரு மண்டலம், அதற்கப்பால் 1.5 மீட்டர் இன்னொரு மண்டலம். சாதாரண பிளக் பாயின்ட், சுவிட்ச், பம்பு அறை எல்லாம் இந்த 3.5 மீட்டருக்கு வெளியே இருக்கட்டும். தண்ணீருக்குள் போடும் விளக்கு 12 வோல்ட். அதன் டிரான்ஸ்ஃபார்மரும் வெளியே. ஏணி, கைப்பிடி, இரும்புக் குழாய், குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக்கம்பி அனைத்தையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். நனைந்த கையால் ஏணியைப் பிடிக்கும்போது தண்ணீருக்கும் ஏணிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடே வரக் கூடாது என்பதற்காகத்தான் இது. கான்கிரீட் போட்ட பிறகு முறுக்குக்கம்பியைத் தேடிப்பிடிக்க முடியாது. கட்டும்போதே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பம்பு ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாடிக் குளத்துக்கு ஈரத்தரையில் எக்ஸ்டென்ஷன் போர்டு இழுக்கவே வேண்டாம்.

வேலை முடித்துத் திரும்பப் போடும்போது

வயர்மேன் கிளம்புவதற்கு முன் பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கர் அளவு, எர்த் ஓம், பிளக்கில் பச்சை ஒயர் திருகில் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. பொத்தான் விழுகிறதா, கடைசியாக மோட்டார் ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்று கிளாம்ப் மீட்டரில் பார்ப்பது. இந்த ஐந்துக்கும் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த எண்களையும் அன்றைய தேதியையும் போர்டு மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எர்த் 4 ஓமிலிருந்து 12 ஆகியிருந்தால், யாருக்கும் சுருக்கென்பதற்கு முன்பே அடுத்து வருகிறவருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.